தெருவில் நிற்பவளும் வீட்டுக்குள் இருப்பவளும்

பாலியல் தொழிலைச் சுப்ரீம் கோர்ட்டு சட்டபூர்வமாக்கிவிட்டது என்று ஒரு பேச்சு 2022-ம் ஆண்டு மே மாதம் கிளம்பியது. இன்றும் அது ஓயவில்லை. லோக்கல் ரயிலிலும் டீக்கடையிலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் சிலர் நல்லது நடந்தது என்கிறார்கள். சிலர் காலம் கெட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பாரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. சட்டம் மாறவில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. வீட்டுக்குள் இருப்பவள் மீது ஒரு விதமாகவும், தெருவில் நிற்பவள் மீது வேறு விதமாகவும் விழுகிறது.

மும்பையில் வாழ்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே அடிக்கடி ஏதாவதொரு பகுதி "சுத்தம் செய்யப்பட்டது" என்று செய்தி வருகிறது. சுத்தம் செய்யப்பட்ட இடத்தில் இருந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று மறுநாள் யாரும் கேட்பதில்லை. அவர்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஓரிடத்தில் கதவு மூடினால் இன்னோரிடத்தில் தெரு விளக்கின் கீழ் வந்து நிற்கிறார்கள். அங்கிருந்தும் விரட்டினால் விளக்கில்லாத இடத்துக்குப் போகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1950-ம் ஆண்டு மே 9-ந் தேதி நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் ஒன்றை ஒட்டி, இந்திய அரசு 1956-ல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1986-ல் திருத்தம் செய்து பெயரையும் மாற்றியது. தமிழ்ப் பத்திரிகைகள் அதை விபசாரத் தடுப்புச் சட்டம் என்று எழுதுகின்றன.

பெயரைப் பார்த்து, விபசாரமே குற்றம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி பணத்துக்காக உறவு கொள்வதைச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள காரியங்களைத்தான் குற்றமாக்கியிருக்கிறது. விபசார விடுதி நடத்துவது 3-வது பிரிவின் கீழ் குற்றம். அந்த வருமானத்தில் பிறர் பிழைப்பது 4-வது பிரிவின் கீழ் குற்றம். பெண்களை இத்தொழிலுக்குக் கொண்டுவருவது 5-வது பிரிவில் வருகிறது. கோவில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடத்துவதை 7-வது பிரிவு தடுக்கிறது. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது 8-வது பிரிவில் குற்றம்.

நடக்கலாம், ஆனால் கால் தரையில் படக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு இது. தனியாக ஒரு பெண் தன் அறையில் இருந்தால் அது விடுதி ஆகாது. பாதுகாப்புக்காக இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, வாடகையைப் பங்கிட்டுத் தொழில் செய்தால், அதே அறை சட்டத்தின் கண்ணில் விடுதியாகிவிடுகிறது. இரண்டு பேருடைய பொது லாபத்துக்காகப் பயன்படும் இடமும் விடுதியே என்று 2-வது பிரிவு சொல்கிறது. அவளோடு வாழும் தாய்க்கு அவள் சோறு போட்டால், அந்தத் தாயின் மீது 4-வது பிரிவு பாயலாம். மகனுக்கு 18 வயது தாண்டினால் அவனுக்கும் அதே கதி. ஆக, சட்டம் அவளைத் தனிமைப்படுத்துகிறது. தனிமை இந்தத் தொழிலில் உயிருக்கு ஆபத்து.

வீட்டுக்குள் இருப்பவள்

மும்பையில் விடுதித் தொழில் என்றால் காமாத்திபுராவும் பாக்லண்டு ரோடும்தான் நினைவுக்கு வரும். தெலுங்கு தேசத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த காமாத்திகள் குடியேறியதால் காமாத்திபுரா என்ற பெயர் ஏற்பட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் அது விபசாரத்துக்குப் பேர் போன பகுதியாயிற்று.

இங்குள்ள விடுதியில் பெண்ணுக்கு மேலே ஒரு நிர்வாகி உண்டு. அவளைக் கர்வாலி என்கிறார்கள். வீட்டுக்காரி என்று பொருள். வாடிக்கையாளரை அழைத்து வர தலால் எனப்படும் தரகர்கள் உண்டு. வெளியூரிலிருந்து பெண்ணைக் கொண்டுவந்து விற்றவனுக்குக் கொடுத்த பணத்தை அந்தப் பெண்ணின் தலையில் கடனாக எழுதுவது பழைய வழக்கம். அந்தக் கடன் அடையும் வரை சம்பாத்தியம் அவள் கைக்கு வராது. வட்டி, சாப்பாடு, துணி, மருந்து என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகும். கடன் தீர்ந்தவர்கள் ‘ஆதியா’ முறையில் இருப்பார்கள். சம்பாத்தியத்தில் பாதி அவளுக்கு, பாதி வீட்டுக்காரிக்கு.

கொடுமை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சிறுமிகள் அடைத்து வைக்கப்படுவதும் இத்தகைய வீடுகளில்தான். ஆனால், கடன் கட்டில் இல்லாத வயது வந்த பெண்ணுக்கு அதே வீடு சில பாதுகாப்புகளையும் தருகிறது. சத்தம் போட்டால் ஓடிவர பக்கத்து அறையில் ஆள் இருக்கிறது. குடித்துவிட்டு வரும் முரடனை வாசலிலேயே நிறுத்த ஒருவர் இருக்கிறார். தண்ணீர் உண்டு, கழிப்பிடம் உண்டு. டாக்டரோ தொண்டு ஊழியரோ வந்தால், எந்தச் சந்து எந்த வீடு என்று தெரிந்து வரலாம். போலீசாருடன் பேசும் வேலையையும் வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். அதற்கான செலவும் பெண்கள் தலையில்தான் விழுகிறது என்பது வேறு விஷயம்.

தெருவில் நிற்பவள்

மும்பைத் தமிழர்களுக்கு நாக்கா என்றால் விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் கொத்தனாரும் சித்தாளும் பெயிண்டரும் தெருமுனையில் நிற்பார்கள். யாராவது வந்து கூப்பிட்டால் அன்றைக்குக் கூலி. கூப்பிடாவிட்டால் வெறுங்கை. அதே வேலையைக் காண்டிராக்டரின் கொட்டகையில் தங்கிச் செய்பவனும் உண்டு. அவனுக்குத் தினமும் வேலை இருக்கும். ஆனால் முன்பணம் வாங்கியிருப்பான். நினைத்தபோது போக முடியாது. நாக்காவில் நிற்பவனுக்கு முதலாளி இல்லை. கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் கேட்பதற்கு ஆளும் இல்லை.

தெருவில் நிற்கும் பெண்ணின் நிலை ஏறக்குறைய இந்த நாக்காக் கூலியின் நிலைதான். அவளுக்குக் கர்வாலி இல்லை. பாதி பங்கு கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகலாம். இந்தப் பெண்களில் பலர் வீடும் குழந்தைகளும் உள்ளவர்கள். வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்க்கொண்டு, கூலி போதாத நாட்களில் மட்டும் இப்படி வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. வயதாகி விடுதியிலிருந்து கழிக்கப்பட்டவர்களும் கடைசியில் தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

கையில் வரும் பணம் முழுவதும் தன்னுடையது என்பது பெயருக்குத்தான். லாட்ஜுக்காரன் அறை வாடகையைக் கூட்டி வாங்குகிறான். அந்த இடத்து ரவுடிக்கு ஹப்தா கொடுக்க வேண்டும். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டும். அபராதம் கட்டிய பணத்தை ஈடுகட்ட அன்றிரவே மறுபடி நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நான்கு மாதம் பிழைப்பு பாதி. அறைக்குப் போக வழியில்லாதபோது லாரிக்குள்ளும் புதர் மறைவிலும் பாலத்தின் அடியிலும் காரியம் நடக்கிறது. கூட வந்தவன் கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்தாலும், ஒருவன் என்று சொல்லி நான்கு பேர் வந்தாலும், அங்கே கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வகைகளும் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் வேலைக்காக இந்தப் பெண்களைத் தெரு, விடுதி, வீடு, லாட்ஜ், நெடுஞ்சாலை தாபா என்று பிரித்துப் பார்க்கிறது. மும்பை, கல்கத்தா, டெல்லி ஆகிய நகரங்களில் பெரிய விடுதிப் பகுதிகள் உண்டு. தென் மாநிலங்களில் தெருவும் வீடும் லாட்ஜும்தான் அதிகம். செல்போன் வந்த பிறகு தெருவில் நிற்காமலே வாடிக்கையாளரை வரவழைக்க முடிகிறது. ஆனால் போனில் பேசி ஏற்பாடு செய்ய ஒரு பாதுகாப்பான அறை வேண்டும். அறைக்கு வழியில்லாதவள்தான் இன்றும் தெருவில் நிற்கிறாள். ஏழையிலும் ஏழை என்று அவளைச் சொல்லலாம்.

பாதிக்கப்பட்டவளா, குற்றவாளியா?

இப்போது சட்டத்துக்குத் திரும்ப வேண்டும். விடுதியில் சோதனை நடத்த வேண்டுமானால் சில முறைகள் உண்டு. இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத விசேஷப் போலீஸ் அதிகாரி அந்த நடவடிக்கைக்குப் பொறுப்பு. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மரியாதைக்குரிய இரண்டு பேர் சாட்சியாக வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு பெண் போலீசார் கூட வர வேண்டும். மீட்கப்படும் பெண்ணை மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தி, அவள் வயது என்ன, எப்படி வந்தாள் என்று விசாரிக்க வேண்டும். 17-வது பிரிவின் கீழ் அவள் பாதுகாக்கப்பட வேண்டியவள். அந்தப் பாதுகாப்பு என்பது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஒரு இல்லத்தில் அடைபட்டுக் கிடப்பதாகவும் முடியலாம் என்பது தனிக்கதை.

தெருவில் நிற்பவளுக்கு இந்த முறைகள் எட்டுவதே அரிது. 8-வது பிரிவின்படி அவள் குற்றவாளி. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை ஓராண்டு வரை சிறை. இதே பிரிவின் கீழ் ஓர் ஆண் குற்றம் செய்தால் 7 நாள் முதல் மூன்று மாதம் வரைதான். பெண்ணுக்கு ஆறு மாதம், ஆணுக்கு மூன்று மாதம் என்ற இந்தக் கணக்கு எந்த நியாயத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை.

அதோடு விடவில்லை. சட்டத்தில் 10-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 7 அல்லது 8-வது பிரிவில் குற்றவாளியாகும் பெண்ணை, சிறைக்குப் பதிலாகத் திருத்தும் இல்லத்துக்கு அனுப்பலாம் என்கிறது. எவ்வளவு காலம்? இரண்டு ஆண்டுக்குக் குறையாமல், ஐந்து ஆண்டுக்கு மேற்படாமல். ஆறு மாதச் சிறைக்குப் பதில் ஐந்தாண்டு வரை இல்லம்! விடுதியை நடத்திய முதலாளிக்கே முதல் குற்றத்துக்கு உச்சபட்சம் மூன்றாண்டுதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதுவும் நடைமுறையில் முழுக் கதையல்ல. விபசாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வாரண்டு இல்லாமல் கைது செய்ய விசேஷ அதிகாரியின் உத்தரவோ அனுமதியோ வேண்டும். வீதியில் ரோந்து போகும் காவலருக்கு அது தொல்லை. மராட்டியப் போலீஸ் சட்டத்தின் 110-வது பிரிவு அவர் கைக்கு எளிதாக வருகிறது. பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்டாள் என்று எழுதினால் போதும். ரயில் நிலையத்துக்குள் என்றால் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-வது பிரிவு இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டு வெளியே வரலாம். வழக்கறிஞரும் இல்லை, விசாரணையும் இல்லை, மீட்பும் இல்லை. அவள் ஏன் அங்கே நின்றாள், யாராவது அவளை அனுப்பினார்களா என்று கேட்க ஒருவரும் இல்லை.

கோர்ட்டுகளின் போக்கிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. 2020 செப்டம்பரில் பம்பாய் ஐகோர்ட்டு, இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது. வயது வந்த பெண்ணுக்குத் தன் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. 2023-ம் ஆண்டு மே மாதம் மும்பை செஷன்ஸ் கோர்ட்டும் 34 வயதுப் பெண் ஒருத்தியை விடுவித்தது. இந்தத் தொழில் தன்னளவில் குற்றமல்ல. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக நடந்தால்தான் குற்றம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வீட்டுக்குள் இருந்தவளுக்கு அந்தத் தீர்ப்பு விடுதலை. தெருவில் நிற்பவளுக்கோ, கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை மறுபடி காட்டிய தீர்ப்பு.

2022 உத்தரவில் உள்ளது

2022 மே 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் நாகேஸ்வரராவ், கவாய், போபண்ணா ஆகியோர் பிறப்பித்த உத்தரவு ஒரு கொலை வழக்கிலிருந்து வளர்ந்தது. 1999-ல் கல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கொலையாளியின் அப்பீலை 2011-ல் தள்ளுபடி செய்த சுப்ரீம் கோர்ட்டு, இந்தப் பெண்களின் வாழ்வுக்கு என்ன வழி என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளில் சிலவற்றைத்தான் 2022-ல் உத்தரவாக்கியது.

பாலியல் பலாத்காரத்துக்கு ஆளானால் மற்ற பெண்களைப் போலவே இவர்களுக்கும் சிகிச்சையும் சட்ட உதவியும் தர வேண்டும். போலீசார் மரியாதையாக நடத்த வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக்கூடாது. பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் அட்டை தர வேண்டும் என்பவை அதில் உள்ளன. பத்திரிகைகள் இவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடக்கூடாது என்பதும் உண்டு. "அழகிகள் கைது" என்று தலைப்புப் போட்டுப் பழகியவர்கள் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

சோதனையின்போது விருப்பத்துடன் தொழில் செய்யும் பெண்களைக் கைது செய்யக்கூடாது என்ற பரிந்துரையும் குழுவின் அறிக்கையில் இருந்தது. அதுபோன்ற சிலவற்றுக்கு மத்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே சட்டப் புத்தகத்திலிருந்து 8-வது பிரிவு எங்கும் போய்விடவில்லை.

மூடினால் தீருமா?

விடுதிகளை மூடிவிட்டால் பிரச்சினை தீரும் என்பது பலரது எண்ணம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. கோவாவில் வாஸ்கோவை அடுத்த பைனா கடற்கரையில் பெரிய விடுதிப் பகுதி ஒன்று இருந்தது. 2004-ம் ஆண்டு ஜூனில், மழைக்காலத்தில், அதை இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்த பெண்களில் ஆந்திரா, கர்நாடகப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அதிகம். விடுதி போயிற்று, தொழில் போகவில்லை. பெண்கள் பல இடங்களுக்குச் சிதறினார்கள். அதுவரை அவர்களைத் தேடிச் சென்று மருத்துவ உதவி செய்த தொண்டு அமைப்புகளுக்கு அவர்களைக் கண்டுபிடிப்பதே சிரமமாயிற்று.

மும்பையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2005-ல் மராட்டிய அரசு நடன பார்களுக்குத் தடை விதித்தது. ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லப்பட்டது. பம்பாய் ஐகோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தடையால் வேலை இழந்த பெண்கள் 75 ஆயிரத்துக்கு மேல் என்றும், அவர்களில் பலர் குடும்பத்தைக் காப்பாற்ற விபசாரத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆடிப் பிழைத்தவளை ஆடாதே என்று சொன்ன அரசு, வேறு வேலையைக் கையில் கொடுக்கவில்லை.

தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சம்பவமும் ஒன்று உண்டு. 1990-ல் அன்றைய பம்பாயின் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களைத் தமிழக அரசு தனி ரயிலில் சென்னைக்குக் கொண்டுசென்றது. அந்த ரயிலை ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்றார்கள். முக்தி கிடைத்ததா? பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிய வந்தது. அது ஊரெல்லாம் பேச்சாயிற்று. ரயிலை ஏற்பாடு செய்ய முடிந்த அளவுக்கு, அந்தப் பெண்களுக்கு ஒரு பிழைப்பை ஏற்பாடு செய்ய முடியவில்லை. டிக்கெட் வாங்கிக் கொடுப்பது சுலபம். போய் இறங்கும் ஊரில் ஒரு வேலையும், கேள்வி கேட்காத ஒரு வீடும் வாங்கிக் கொடுப்பது கஷ்டம்.

கூட்டமாக இருந்தால் பலம்

கல்கத்தாவின் சோனாகாச்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தலைமையில் அங்கே ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. பெண்களையே பயிற்றுவித்து, அவர்கள் மூலமாகவே ஆணுறைப் பழக்கத்தைப் பரப்பினார்கள். 1995-ல் அந்தப் பெண்கள் துர்பார் என்ற சங்கத்தையும் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்தார்கள். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் சொந்தச் சங்கத்தில் சேமிக்கவும் கடன் வாங்கவும் வழி பிறந்தது. சிறுமிகள் கொண்டுவரப்பட்டால் கண்டுபிடித்துத் தடுக்கும் குழுக்களையும் அவர்களே அமைத்துக்கொண்டார்கள். ஒரே இடத்தில் கூட்டமாக இருந்ததால் இது முடிந்தது.

தெருவில் சிதறி நிற்பவர்களுக்கு இது முடியாது என்றும் சொல்வதற்கில்லை. மைசூரில் விடுதிப் பகுதி கிடையாது. பெரும்பாலும் தெருவில் நிற்கும் பெண்கள்தான். அவர்களும் அசோதயா சமிதி என்ற சங்கமாகத் திரண்டார்கள். ஆனால் தெருவில் சங்கம் கட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே இடத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றால் லத்தியோடு விரட்டக்கூடாது.

கனடாவில் இந்த வாதமே கோர்ட்டுக்குப் போயிற்று. அந்நாட்டிலும் தொழில் குற்றமல்ல. விடுதி நடத்துவது, வருமானத்தில் பிழைப்பது, பொது இடத்தில் பேரம் பேசுவது ஆகிய மூன்றும் குற்றம். 2013 டிசம்பர் 20-ந் தேதி கனடா சுப்ரீம் கோர்ட்டு இந்த மூன்று பிரிவுகளையும் ரத்து செய்தது. வீட்டுக்குள் இருந்து தொழில் செய்ய விடாததும், காவலுக்கு ஆள் வைத்துக்கொள்ள விடாததும், தெருவில் நிற்பவள் வந்தவனை நாலு வார்த்தை பேசி எடைபோட விடாததும் பெண்களின் உயிரோடு விளையாடுவதாகும் என்பது தீர்ப்பின் அடிப்படை. மறு ஆண்டே கனடா அரசு வேறு சட்டம் கொண்டுவந்து, விலைக்கு வாங்குபவனைக் குற்றவாளியாக்கியது. அங்கும் விவாதம் முடியவில்லை. ஆனால் கனடா கோர்ட்டு எடுத்துக்கொண்ட கேள்வி இங்கும் பொருந்தும்: ஒரு சட்டப் பிரிவினால் தெரு சுத்தமாகிறதா, அல்லது பெண் இன்னும் இருட்டான இடத்துக்குப் போகிறாளா?

குடியிருப்போர் குறை

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலை முடிந்து ரயிலிறங்கி நடந்து வரும் பெண்ணை, தெருவில் நிற்பவள் என்று நினைத்து ஒருவன் கூப்பிடுகிறான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பேரம் பேசுவதைப் பார்க்கிறார்கள். வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் முகம் சுளிக்கின்றன. இந்தக் குறைகள் நியாயமானவை. பணக்காரர் வாழும் பகுதியில் இது நடப்பதில்லை. அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. ஏழைகள் வாழும் இடத்தில்தான் எல்லாம் வெட்டவெளியில் நடக்கிறது.

ஆனால், பிடித்து, அபராதம் வாங்கி, விட்டுவிடுவதால் இந்தக் குறை தீர்ந்திருக்கிறதா? அறுபது ஆண்டுக்கு மேலாக இதுதான் நடக்கிறது. அபராதம் கட்டியவள் மறுநாள் வேறு முனையில் நிற்கிறாள். வழிப்போக்கனுக்குத் தொல்லை கொடுத்தால் அதற்குப் பொதுத் தொல்லைச் சட்டம் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான். நின்றதற்காகவே ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க ஒரு தனிப் பிரிவு தேவையில்லை.

செய்ய வேண்டியது

முதலாவதாக, சிறுமிகளைக் கொண்டுவருபவர்கள், கடனில் கட்டிப்போடுபவர்கள், பெண்ணை விற்பவர்கள் ஆகியோர் மீது சட்டம் முழுக் கடுமையுடன் பாய வேண்டும். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. 8-வது பிரிவுக்குச் செலவாகும் போலீஸ் நேரம் இதற்குச் செலவாக வேண்டும்.

இரண்டாவதாக, முதலாளி யாரும் இல்லாமல் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஓர் அறையில் இருந்தால் அதை விடுதி என்று சொல்லும் விளக்கத்தைத் திருத்த வேண்டும். சேர்ந்திருப்பது அவர்களுக்குக் காவல்.

மூன்றாவதாக, 8-வது பிரிவையும், ஐந்தாண்டு வரை அடைத்து வைக்கும் 10-ஏ பிரிவையும் பார்லிமெண்டு மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு ஆறு மாதம் என்ற பாகுபாட்டுக்கு ஆதரவாக இன்று யாரும் எழுந்து பேச முடியாது.

நான்காவதாக, சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெருவில் நிற்பவள் அடிபட்டு, பலாத்காரத்துக்கு ஆளாகி, பணம் பறிகொடுத்துப் போலீஸ் நிலையத்துக்கு வந்தால், அவள் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப வழியில்லை. புகார் கொடுக்க வந்தவளையே 110-வது பிரிவில் உட்கார வைக்கும் வழக்கம் நின்றால்தான், அவளை அடித்தவனுக்குப் பயம் வரும். இப்போது அவனுக்குப் பயமில்லை. அவள் போலீசுக்குப் போகமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

அடுத்த முறை ஏதோ ஒரு ரயில் நிலையப் பகுதியில் சோதனை, இத்தனை பெண்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வரும்போது, படிப்பவர்கள் மூன்று விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். பிடிபட்டவர்களில் முதலாளியும் தரகனும் எத்தனை பேர்? பெண்கள் கொடுத்த புகார் ஏதாவது பதிவாயிற்றா? விடப்பட்ட பெண்களுக்கு அன்றிரவு தங்க இடம் இருந்ததா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், பெண்கள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றப்பட்டார்கள் என்பதுதான் அந்தச் செய்தி.